துளசி என்னும் வீட்டு மருந்து

இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் மக்கள் வீட்டு முற்றத்தில் போற்றி வளர்க்கும் செடி துளசி. தமிழ்நாட்டில் அது துளசி மாடத்தில் வளர்கிறது. அம்மாடத்தைக் கேரளத்தார் துளசித்தறை என்பர். மராட்டிய மாநிலத்தில் அது துளசி விருந்தாவனம் எனப்படுகிறது. வங்காளத்தில் துளசி மஞ்சம் என்றும் ஒடிசாவில் துளசி சௌரா என்றும் வழங்குகிறது. முற்றமே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பால்கனியில் ஒரு மண்தொட்டி துளசிக்கென ஒதுக்கப்படுகிறது.

பணியின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் அகமதாபாத்துக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள், ஊரில் வேலியோரத்தில் பறித்த மூலிகைகள் பலவற்றை அங்கே எளிதில் பெற இயலுவதில்லை. தூதுவளைக் கீரையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். துளசி மட்டும் எங்கும் கிடைக்கிறது. ஆயினும், இலை கைக்கு எட்டுவதால் மட்டும் மருந்து கைக்கு எட்டிவிடாது. எத்தனை இலை, எந்தப் பக்குவம், எத்தனை நாள், எந்நிலையில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பவற்றை அறிந்த பாட்டி ஊரில் இருக்கிறார். செடியோ நகரத்து வீட்டில் இருக்கிறது. அளவும் முறையும் எல்லையும் அறிந்தவர் கையில்தான் துளசி மருந்தாகும். அம்மூன்றையும் இப்பாடம் விளக்குகிறது.

பெயர்களும் வகைகளும்

துளசியின் பழந்தமிழ்ப் பெயர் துழாய். பரிபாடலிலும் ஆழ்வார்களின் பாசுரங்களிலும் திருமாலின் மாலையாகத் துழாய் பேசப்படுகிறது. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் அமைத்த நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் ஆண்டாள் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டார் என்பது வரலாற்று மரபு. பெருமாள் கோயில்களில் இன்றும் துளசி இட்ட தீர்த்தம் வழங்கப்படுகிறது.

வடமொழி மருத்துவ நூல்களில் துளசி, சுரசா என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், 1753-ஆம் ஆண்டில் இச்செடிக்கு ஓசிமம் டெனுயிஃப்ளோரம் என்று பெயரிட்டார். 'மெல்லிய பூக்களையுடையது' என்பது அதன் பொருள். 1767-இல் அவரே ஓசிமம் சாங்டம் என்னும் மற்றொரு பெயரையும் வழங்கினார். 'சாங்டம்' என்பதற்குத் 'தூயது' என்று பொருள். ஒரே செடிக்கு இரு பெயர்கள் அமைந்தால் முதலில் வழங்கிய பெயரே நிலைக்கும் என்பது தாவரவியலாரின் விதி. ஆகவே, இக்காலத்தில் முதற்பெயரே ஏற்கப்படுகிறது. எனினும், பழைய நூல்களிலும் மருந்துப் புட்டிகளிலும் இரண்டாம் பெயரையும் காணலாம்.

வீடுகளில் வளரும் துளசி இரு வகைப்படும். இலையும் தண்டும் பசுமையாக இருப்பது வெண்துளசி. இலையிலும் தண்டிலும் கருஞ்சிவப்பு அல்லது கருநீலச் சாயல் படர்ந்திருப்பது கருந்துளசி. வடமாநிலங்களில் முன்னதை ராம துளசி என்றும், பின்னதைச் சியாம துளசி அல்லது கிருஷ்ண துளசி என்றும் அழைப்பர். இவ்விரண்டும் ஒரே இனத்தின் வகைகள். கருந்துளசிக்குக் காரம் மிகுதி என்பது நாட்டு மருத்துவர் கருத்து.

துளசியோடு குழப்பிக்கொள்ளும் செடிகளும் உண்டு. திருநீற்றுப்பச்சை துளசியின் நெருங்கிய உறவு. ஆனால் வேறு இனம். ஃபலூடாவிலும் குளிர்பானங்களிலும் ஊறவைத்துச் சேர்க்கப்படும் சப்ஜா விதை அச்செடியின் விதையாகும். துளசியை மருந்துக்குப் பறிக்கும்முன் அது துளசிதானா என்று உறுதி செய்துகொள்வது முதற்கடமை. இலையைக் கசக்கி முகர்ந்தால் கிராம்பை ஒத்த காரமணம் எழும். இதுவே எளிய அடையாளம்.

மணத்தில் இருக்கும் மருந்து

துளசி, புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. புதினாத் தண்டைப் போலவே அதன் இளந்தண்டும் நான்கு பக்கங்கள் உடையது. விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் அந்தச் சதுர வடிவம் புலப்படும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். கிளை நுனியில் சிறு பூக்கள் அடுக்கடுக்காகப் பூத்துக் கதிர்போல் நிற்கும்.

துளசியிலையின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. அவற்றில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் நிறைந்திருக்கிறது. இலையைத் தொட்டாலே கையில் மணம் ஒட்டிக்கொள்வது, அச்சுரப்பிகள் உடைந்து எண்ணெய் வெளிப்படுவதாலாகும். பல துளசிச் செடிகளில் இவ்வெண்ணெயின் முதன்மைக் கூறாக இருப்பது யூஜெனால் என்னும் வேதிப்பொருள். கிராம்புக்கு மணமும் காரமும் தருவதும் அதுவே. பல்வலிக்குக் கிராம்பு வைக்கும் வழக்கம் அனைவரும் அறிந்தது. பல் மருத்துவர்களும் யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பற்குழியை அடைக்கப் பயன்படுத்துகின்றனர். நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் வலியை மரத்துப்போகச் செய்வதும் அதன் இயல்புகள்.

இவ்வெண்ணெய் எளிதில் ஆவியாகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். துளசியைக் கொண்டு மருந்து செய்யும் முறைகள் பலவும் இந்த ஒரு பண்பை ஒட்டியே அமைந்துள்ளன.

மருத்துவ நூல்களில் துளசி

உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் சமநிலையாகச் சித்த மருத்துவம் காண்கிறது. ஆயுர்வேதம் இவற்றை வாதம், பித்தம், கபம் என்கிறது. இவற்றுள் ஐயம் மிகும்போது மூக்கில் நீர் வடிதல், நெஞ்சில் கோழை கட்டுதல், இருமல் முதலியன தோன்றும் என்பது இம்மருத்துவங்களின் கொள்கை.

சித்த மருத்துவர் ஒரு மூலிகையை அறிமுகப்படுத்தும்போது அதன் சுவை, தன்மை, பிரிவு ஆகிய மூன்றையும் கூறுவர். நாவில் உணர்வது சுவை. உடலில் வெப்பத்தையோ குளிர்ச்சியையோ உண்டாக்குவது தன்மை. செரித்தபின் சுவை அடையும் மாற்றம் பிரிவு. துளசியின் சுவை கார்ப்பு, தன்மை வெப்பம், பிரிவும் கார்ப்பு. குளிர்ச்சியால் மிகுந்த ஐயத்தை, வெப்பமும் கார்ப்பும் உடைய துளசி தணிக்கும் என்று அம்மருத்துவர்கள் பொருத்திக் கண்டனர். கோழையை வெளியேற்றும் செய்கையைக் 'கோழையகற்றி' என்றும், வியர்வையைத் தூண்டும் செய்கையை 'வியர்வைபெருக்கி' என்றும் குறித்தனர்.

இதே கருத்தை ஆயுர்வேத நூல்களிலும் காணலாம். சரக சம்ஹிதை, விக்கல், இருமல், மூச்சிரைப்பு, விலாப்பக்க வலி ஆகியவற்றுக்குச் சுரசாவைப் பரிந்துரைக்கிறது. சுசுருத சம்ஹிதை மூலிகைகளைக் கூட்டம் கூட்டமாக வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒரு கூட்டம் சுரசாவைத் தலைமையாகக் கொண்டு, அதன் பெயராலேயே அமைந்துள்ளது. மொழியாலும் நிலத்தாலும் வேறுபட்ட மருத்துவ மரபுகள் சளிக்கும் இருமலுக்கும் ஒரே செடியை நாடியிருப்பது கருதத்தக்கது.

மருந்து செய்யும் முறைகள்

சித்த மருத்துவத்தில் உள்மருந்துகள் 32, வெளிமருந்துகள் 32 என வகுக்கப்பட்டுள்ளன. துளசியைக் கொண்டு வீட்டில் செய்யத்தக்கவை அவற்றுள் மிக எளியன.

சாறு: கழுவிய இலைகளைச் சிறிது நீர் தெளித்து இடித்துத் துணியில் பிழிந்தால் சாறு கிடைக்கும். அதனுடன் சம அளவு தேன் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவு உட்கொள்வது இருமலுக்கு வழங்கிவரும் வீட்டு மருந்து. தேன் இருமலால் புண்பட்ட தொண்டைக்கு இதமளிக்கும்; துளசியின் காரத்தையும் மட்டுப்படுத்தும். இவ்வாறு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் தேன், வெந்நீர், பால் போன்ற பொருள்களை அனுபானம் அல்லது துணைமருந்து என்பர். சித்த மருத்துவர் சில சூரணங்களையும் மாத்திரைகளையும் கொடுக்கும்போது துளசிச்சாற்றையே அனுபானமாகக் கூறுவதும் உண்டு.

குடிநீர்: மூலிகைச் சரக்குகளை நீரிலிட்டுக் காய்ச்சி வற்றவைப்பது குடிநீர். பேச்சு வழக்கில் இதனைக் கஷாயம் என்பர். நீரை நான்கில் ஒரு பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ வற்றவைப்பது மரபு. சுக்கு, மிளகு போன்றவை கடினமானவை. அவற்றின் சாரம் நீரில் இறங்க நெடுநேரம் கொதிக்க வேண்டும். துளசியிலையோ மென்மையானது, நெடுநேரம் கொதித்தால் அதன் எண்ணெய் ஆவியோடு வெளியேறிவிடும். எனவே, இடித்த சுக்கையும் மிளகையும் இரண்டு குவளை நீரிலிட்டு அரைக் குவளையாக வற்றவைத்து, அடுப்பை அணைத்தபின் பத்துப் பன்னிரண்டு துளசி இலைகளைக் கிள்ளிப்போட்டு மூடிவைக்க வேண்டும். பத்து நிமிடங்கள் கழித்து வடிகட்டி இளஞ்சூட்டில் அருந்தலாம். மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் திரண்டு நிற்கும் நீர்த்துளிகளை வெளியே சிந்தாமல் பாத்திரத்திலேயே விழச் செய்ய வேண்டும். ஆவியாகிச் சென்ற மணம் குளிர்ந்து அத்துளிகளில் தங்கியிருக்கிறது.

ஆவி பிடித்தல்: கொதித்த நீரில் ஒரு கைப்பிடித் துளசி இலையைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, தலையைப் போர்வையால் மூடி ஆவியை உள்ளிழுப்பது மூக்கடைப்புக்கு உரிய வெளிமருந்து. வெதுவெதுப்பான ஆவி மூக்கில் உறைந்த சளியை இளக்குகிறது. கொதிநீர் சிந்தினால் கடுமையான தீப்புண் ஏற்படும். ஆதலால், சிறுவர் தனியாக ஆவி பிடித்தல் கூடாது. சிறு குழந்தைகளுக்கு இம்முறையே ஏற்றதன்று.

சூரணம்: இலையை நிழலில் உலர்த்திப் பொடித்துச் சலிப்பது சூரணம். வெயிலில் உலர்த்தினால் மணம் நீங்கிவிடும் என்பதால் நிழல் வற்புறுத்தப்படுகிறது.

ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுட்காலம் உண்டு என்பது சித்த மருத்துவத்தின் நுட்பமான விதிகளுள் ஒன்று. சாற்றுக்கும் குடிநீருக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். ஈரமுள்ள பொருளில் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். உலர்ந்த பொருளில் அவை எளிதில் பெருகுவதில்லை. நுண்ணோக்கி தோன்றுவதற்கு முன்னரே, கெட்டுப்போகும் இயல்பைப் பட்டறிவால் அறிந்து வகுத்த விதி இது. காலையில் காய்ச்சிய கஷாயத்தை மாலையில் சூடாக்கிக் குடிப்பது இவ்விதிக்கு மாறானது.

இக்கால ஆய்வுகள்

துளசியைப் பற்றி இந்திய ஆய்வுக்கூடங்களில் தொடர்ந்து ஆராய்ச்சி நடைபெறுகிறது. லக்னோவில் மருத்துவத் தாவரங்களுக்கும் நறுமணத் தாவரங்களுக்கும் உரிய மத்திய ஆய்வு நிறுவனம் ஒன்று உள்ளது. யூஜெனால் மிகுந்த 'சிம்-ஆயு' என்னும் துளசி வகையை உழவர்களுக்கு அளித்தது அந்நிறுவனமே. 2015-ஆம் ஆண்டில் லக்னோவிலும் பெங்களூரிலும் பணியாற்றிய இரு ஆய்வுக் குழுக்கள் துளசியின் மரபணுத் தொகுதியைத் தனித்தனியே படித்து வெளியிட்டன. எந்த மரபணு எந்த மருந்துப்பொருளை உருவாக்க உதவுகிறது என்பதை அறிய அது வழிவகுத்தது.

துளசிச்சாறும் துளசி எண்ணெயும் பல நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால், கண்ணாடித் தட்டில் நிகழ்வது மனித உடலிலும் அவ்வாறே நிகழும் என்று கொள்ள முடியாது. தட்டில் உள்ள கிருமியின்மீது எண்ணெய் நேரே படுகிறது. உட்கொண்ட மருந்தோ வயிற்றில் செரித்து, இரத்தத்தில் கலந்து, மிகக் குறைந்த அளவிலேயே நோயுள்ள இடத்தை அடைகிறது. எனவேதான் மனிதரிடம் நடத்தும் ஆய்வு இன்றியமையாததாகிறது. துளசியிலை நீரிழிவு நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக 1996-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அத்தகைய ஆய்வுகள் சிறு எண்ணிக்கையிலானவர்களிடமே நடத்தப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுத் துளசியை மட்டும் உண்பது தீங்காய் முடியும்.

கொரோனா பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டில், நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகம் ஒரு குடிநீர்ப் பொடியைப் பரிந்துரைத்தது. துளசி 4 பங்கு, இலவங்கப்பட்டை 2 பங்கு, சுக்கு 2 பங்கு, மிளகு 1 பங்கு என்பது அதன் அளவு. மூன்று கிராம் பொடியை 150 மில்லிலிட்டர் வெந்நீரில் கலந்து பருக வேண்டும் என்று அவ்வமைச்சகம் வரையறுத்தது. உடலின் எதிர்ப்பாற்றலைப் பேணுதற்கு என்றே அது கூறப்பட்டது. நோயைத் தீர்க்கும் மருந்தாகக் கூறப்படவில்லை. அதே காலத்தில் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள் உள்ளன. அவற்றுள் துளசி இல்லை. சளிக்கு உரிய மூலிகை என்பதற்காக எல்லா மருந்திலும் துளசியைச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் உரிய சரக்கும் அளவும் நூலில் வரையறுக்கப்பட்டுள்ளன என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

துளசியின் எல்லை

குளிரால் வந்த சளி, இலேசான இருமல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுக்குத் துளசி இதமளிக்கும். சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே தணியும். அதுவரை உள்ள இன்னலைக் குறைப்பதே வீட்டு மருந்தின் பணி.

இருமல் எல்லாம் ஒன்றல்ல. நுரையீரல் அழற்சியும் இருமலோடுதான் தொடங்கும். குழந்தை வழக்கத்தைவிட விரைவாக மூச்சு விட்டாலும், மூச்சை இழுக்கும்போது விலாவெலும்புகளுக்குக் கீழே மார்பு உட்குழிந்தாலும், நீர் அருந்த மறுத்தாலும், அளவுக்கு மீறிச் சோர்ந்து உறங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தாலும், இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். இந்நிலைகளில் கஷாயம் வைத்துக் காத்திருப்பது, காப்பாற்றக்கூடிய உயிரை இழக்கும் நிலைக்கும் இட்டுச்செல்லும். மருந்து கொடுக்கக் கற்பவர், அதை நிறுத்தும் வேளையையும் சேர்த்தே கற்க வேண்டும்.

மேலும் சில எச்சரிக்கைகள் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து உட்கொள்வோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் துளசியை மருந்தளவில் உட்கொள்ளலாகாது. கடையில் வாங்கிய பூசைத் துளசியையும் மாலையில் கட்டிய துளசியையும் மருந்துக்குப் பயன்படுத்துதல் நன்றன்று. அவற்றின்மீது பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கலாம்.

துளசியைப் பற்றி உலவும் கூற்றுகள் எல்லாம் உண்மையல்ல. 'துளசி இரவிலும் ஆக்சிஜனை வெளியிடும்' என்பது அவற்றுள் ஒன்று. பச்சைத் தாவரங்கள் ஒளியின் துணைகொண்டே உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இருளில் துளசியும் பிற செடிகளைப் போல ஆக்சிஜனை ஏற்றுக் கார்பன் டை ஆக்சைடையே வெளியிடுகிறது. உண்மையான பயன்களே பலவாக உள்ள செடிக்கு, இல்லாத பெருமையை ஏற்ற வேண்டியதில்லை.

நகரத்து வீட்டில் துளசி

துளசி வெயிலை விரும்பும் செடி. நாளும் சில மணி நேரமாவது நேர்வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பூங்கதிர் முற்றி விதை கட்டியபின் இலைகள் சிறுத்துக் குறையும். ஆகையால், கதிர் தோன்றும்போதே நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் தோன்றி இலை பெருகும். ஒன்றிரண்டு கதிர்களை மட்டும் முற்றவிட்டு, அடுத்த பருவத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் துளசி ஆண்டு முழுவதும் தழைக்கும். தில்லி, சண்டிகர், லக்னோ போன்ற நகரங்களில் நிலைமை வேறு. மார்கழி, தை மாதங்களின் கடுங்குளிரில் இலைகள் கருகி உதிரும். பனி படிந்தால் செடியே பட்டுப்போகும். சளியும் இருமலும் மிகும் காலமும் அதுவே. தேவைப்படும் வேளையில் செடியில் இலை இராது. இதற்குத் தீர்வு சூரண விதியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செடி தழைத்திருக்கும்போதே இலைகளைப் பறித்துக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாத ஆயுள் உடைய அப்பொடி, குளிர்காலம் முடியும்வரை பயன்படும். இரவில் செடியை மெல்லிய துணியால் போர்த்தியும், தொட்டியைச் சுவரோரமாக நகர்த்தியும் அதைக் காக்க முயலலாம்.

வீட்டு மருத்துவத்தில் ஐயம் எழும்போது கேட்டறிய வழிகள் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் செயல்படுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்குப் புது தில்லி, பெங்களூரு போன்ற நகரங்களிலும் மருத்துவ ஆய்வுப் பிரிவுகள் உள்ளன. தகுதி பெற்ற மருத்துவர்கள் அங்கே பணியாற்றுகின்றனர்.

துளசியைப் பற்றி நூல்கள் கூறாத நுட்பங்கள் பல, குடும்பங்களின் நினைவில் தங்கியுள்ளன. எந்த ஊரில் துளசியோடு வெற்றிலை சேர்ப்பர், எந்த வீட்டில் கற்பூரவல்லி சேர்ப்பர், எத்தனை மிளகு இடுவர் என்பவற்றை அறிந்தோர் முதியோரே. கேட்டு எழுதி வைக்காவிடில் அவர்களோடு அச்செய்திகளும் மறைந்துவிடும். விதையை அடுத்த பருவத்துக்கு எடுத்துவைப்பது போல, இச்செய்திகளையும் எடுத்துவைப்பது இளையோர் கடமை.

சொற்பொருள்

துழாய் – துளசி
கார்ப்பு – காரச் சுவை
ஐயம் – கபம் (இப்பாடத்தில்). சந்தேகம் என்பது மற்றொரு பொருள்
அனுபானம் – துணைமருந்து
சூரணம் – மருந்துப்பொடி
சாமம் – மூன்று மணி நேரம்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
அழற்சி – உடலுறுப்பில் ஏற்படும் வீக்கமும் எரிச்சலும்
பட்டுப்போதல் – செடி உலர்ந்து அழிதல்

பயிற்சி

அ. சேர்த்து எழுதுக.
1. கருமை + துளசி
2. வெம்மை + நீர்
3. கோழை + அகற்றி
4. துளசி + சாறு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. துளசியை எந்த அடையாளத்தால் எளிதில் அறியலாம்?
2. ஒரே செடிக்கு லின்னேயஸ் இட்ட இரு பெயர்கள் யாவை? அவற்றுள் எது இன்று ஏற்கப்படுகிறது? ஏன்?
3. குடிநீர் செய்யும்போது துளசியிலையை இறுதியில் சேர்ப்பதன் காரணம் யாது?
4. காலையில் காய்ச்சிய கஷாயத்தை மாலையில் ஏன் அருந்தலாகாது?

இ. ஒரு பத்தியில் விடை தருக.
1. இருமல் உள்ள குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நிலைகளை விளக்குக.
2. ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது மனித உடலிலும் அவ்வாறே நிகழும் என்று ஏன் கொள்ள முடியாது?
3. குளிர்மிகு நகரத்தில் வாழும் குடும்பம் துளசியை ஆண்டு முழுவதும் பயன்படுத்த என்ன செய்யலாம்?

ஈ. செயல்பாடு
ஊரில் உள்ள தாத்தா, பாட்டி அல்லது பெரியோர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவர் வீட்டில் துளசிக் கஷாயம் செய்யும் முறையைக் கேட்டறிக. சேர்க்கும் பொருள்கள், அளவு, செய்முறை, கொடுக்கும் வேளை, கொடுக்கக் கூடாத நிலை ஆகிய ஐந்து தலைப்புகளில் அதனை எழுதுக. அவர் வழங்கிய வட்டாரச் சொற்களை மாற்றாமல் அவ்வாறே குறித்துக்கொள்க.